திரையில் நிலமும் பொழுதும்

(பெங்களூர் அடுகோடியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், திரைப்படத்தில் இடம். ஒரு கதை எங்கே நடக்கிறது, எந்த வேளையில் நடக்கிறது என்பது அந்தப் படத்தின் உணர்ச்சியை எப்படி உண்டாக்குகிறது, அதன் பொருளையே எப்படி மாற்றிவிடுகிறது என்பதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறோம். எதைப் பேசுகிறோம்? நடிப்பைப் பேசுகிறோம். பாட்டை முணுமுணுக்கிறோம். வசனத்தைச் சொல்லிக் காட்டுகிறோம். அந்தக் கதை நடந்த தெருவைப் பற்றி யாராவது பேசுகிறோமா? அந்த வீட்டுத் திண்ணையைப் பற்றி? அந்த ஆற்றங்கரையைப் பற்றி? பேசுவதில்லை. ஆனால் இருபது ஆண்டு கழித்து நினைத்துப் பாருங்கள். வசனம் மறந்திருக்கும். பாட்டின் இரண்டாவது சரணம் மறந்திருக்கும். கதையில் யார் யாருக்கு என்ன உறவு என்பதுகூடக் குழம்பிப் போயிருக்கும். ஆனால் ‘16 வயதினிலே’ என்று சொன்ன மாத்திரத்தில் ஒரு ரயில் நிலையமும் அங்கே காத்திருக்கும் ஒரு பெண்ணும் கண்முன் வந்து நிற்பார்கள். ‘உதிரிப்பூக்கள்’ என்றால் ஓர் ஆறு. ‘மூன்றாம் பிறை’ என்றால் ஈரமான மலையூர். கதை போனபிறகும் இடம் தங்கிவிடுகிறது. ஏன் தங்குகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி நாம் வெளிநாட்டுத் திரைப்பட நூல்களுக்குப் போக வேண்டியதில்லை. நம் தொல்காப்பியரிடமே போகலாம். ஒரு கவிதைக்கு எவை வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, மூன்றைச் சொன்னார் அவர். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள். முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும். கருப்பொருள் என்றால் அந்த நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலானவை. உரிப்பொருள் என்றால் அந்த இடத்துக்கு உரிய மனித உணர்ச்சி. மலையும் நள்ளிரவும் சேர்ந்தால் காதலர் கூடுவது. காடும் கார்கால மாலையும் சேர்ந்தால் வருவான் என்று காத்திருப்பது. வயலும் விடியலும் சேர்ந்தால் ஊடல். கடலும் சாயும் பொழுதும் சேர்ந்தால் ஏங்கி வருந்துவது. காய்ந்த நிலமும் உச்சிவெயிலும் சேர்ந்தால் பிரிவு.

நண்பர்களே, ஓர் ஒளிப்பதிவாளரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். எந்த இடம், எந்த நேரம், அந்தச் சட்டகத்துக்குள் என்னென்ன பொருள்கள், அவற்றால் எழ வேண்டிய உணர்ச்சி எது? படப்பிடிப்புக்கு முந்தைய நாள் இரவு ஒவ்வோர் இயக்குநரும் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவைதாமே! கேமரா பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் நம்மவர்கள் இந்தக் கேள்விகளை வரிசைப்படுத்தி வைத்துவிட்டார்கள். சங்கப் பாடல்களின் இந்த அழகை ஆங்கில உலகத்துக்கு எடுத்துச் சொன்ன ஏ.கே. ராமானுஜன் நமக்குப் பக்கத்திலுள்ள மைசூரில் பிறந்தவர். 1967இல் வெளிவந்த அவருடைய குறுந்தொகை மொழிபெயர்ப்பைப் படித்த பிறகுதான், வெளியே தெரியும் நிலம் எப்படி உள்ளே இருக்கும் மனமாகிறது என்பதை உலகத்தில் பலர் புரிந்துகொண்டார்கள்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. முதல், கரு, உரி என்ற இந்த வரிசையில் ஒன்றைவிட ஒன்று சிறந்தது என்கிறார் தொல்காப்பியர். அப்படியானால் எல்லாவற்றிலும் சிறந்தது எது? கடைசியில் நிற்கும் உரிப்பொருள். மனித உணர்ச்சி. நிலம் முதலில் வருகிறது. ஆனால் அது உணர்ச்சிக்காகவே வருகிறது. இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நல்ல படத்துக்கும் வெறும் அழகான படத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். சங்கப் புலவர்கள் பார்த்திராத ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். தண்டவாளம். இரண்டு இரும்புக் கோடுகள், கீழே கருங்கல் ஜல்லி, பக்கத்தில் ஒரு கம்பம். உலகத்தில் எங்கே போனாலும் தண்டவாளம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் திரையில்?

வங்காளத்துக்குப் போவோம். 1955. சத்யஜித் ராய் எடுத்த ‘பதேர் பாஞ்சாலி’. அக்கா துர்காவும் தம்பி அப்புவும் வெள்ளை வெளேரென்று பூத்திருக்கும் நாணல் காட்டுக்குள் ஓடுகிறார்கள். தூரத்தில் கரும்புகை கக்கிக்கொண்டு ரயில் போகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு அது வியப்பு. வறுமை பிடித்த ஓர் ஊருக்கு வெளியே பெரிய உலகம் ஒன்று இருக்கிறது என்ற சேதி. அந்தக் காட்சியை எடுத்த கதை தெரியுமா? முதல் நாள் பாதி எடுத்துவிட்டு, மறுபடி எடுக்கப் போனபோது, அந்தப் பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. ராய் என்ன செய்தார்? வேறு வயலைத் தேடினாரா? பூ இல்லாமலே எடுத்துவிடலாம் என்று விட்டாரா? அடுத்த ஆண்டு அந்தப் பூ மறுபடி பூக்கும்வரை காத்திருந்தார். கையில் காசில்லாத ஒரு புது இயக்குநர், பூவுக்காக ஓராண்டு காத்திருக்கிறார்! கரிய ரயிலுக்கு முன்னால் அந்த வெண்மை இல்லாவிட்டால் வியப்பு இல்லை. வியப்பு இல்லாவிட்டால் காட்சியே இல்லை. முதற்பொருளின் மதிப்பு தெரிந்த கலைஞர் அவர்.

அங்கிருந்து தமிழுக்கு வருவோம். 1977. பாரதிராஜாவின் முதல் படம், ‘16 வயதினிலே’. மயில் ரயில் நிலையத்தில் நிற்கிறாள். படம் அங்கே தொடங்குகிறது. நடந்ததெல்லாம் அவள் நினைவாக ஓடுகிறது. கடைசியில் படம் அதே நிலையத்துக்கு வந்து சேர்கிறது. சிறைக்குப் போன சப்பாணி வருவான் என்று அவள் காத்திருக்கிறாள். இங்கே தண்டவாளம் என்ன? வியப்பா? இல்லை. அது காத்திருப்பு. முல்லை என்னும் காட்டு நிலத்துத் தலைவி மாலை வேளையில் வழிபார்த்து இருந்தாளே, அவளுடைய காடு இந்தக் காலத்தில் ரயில் நிலையமாகிவிட்டது. சிமெண்ட் பெஞ்சு, கைகாட்டி மரம், வந்துபோகும் வண்டிகள். உரிப்பொருள் மட்டும் மாறவில்லை.

ஐந்தே ஆண்டுகள் கழித்து, 1982. பாலுமகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’. நீலகிரியில் கேத்தி ரயில் நிலையம். இந்தக் காட்சியைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். நினைவிழந்து குழந்தைபோல் ஆகிவிட்ட ஒரு பெண்ணைச் சீனு தாய்போல் பார்த்துக்கொள்கிறான். அவளுக்கு நினைவு திரும்பிவிடுகிறது. திரும்பியதும் சீனுவை மறந்துவிடுகிறாள். ரயில் பெட்டிக்குள் அவள். வெளியே மேடையில் சேறும் காயமுமாக அவன். அவளுக்குப் பழக்கமான குரங்கு விளையாட்டை ஆடிக் காட்டுகிறான். தலையில் பானையை வைத்துக்கொண்டு குதிக்கிறான். அவளோ யாரோ பைத்தியம் என்று நினைக்கிறாள். வண்டி நகர்கிறது. அவன் கூடவே ஓடுகிறான். கம்பத்தில் மோதி விழுகிறான்.

இந்தக் காட்சியில் இடம் என்ன வேலை செய்கிறது? பெட்டியின் ஜன்னலைக் கவனியுங்கள். உள்ளே உலர்ந்த உலகம், வெளியே நனைந்த உலகம். உள்ளே பெற்றோரும் குடும்பமும் ஒழுங்கும். வெளியே நினைவு மட்டும் மிச்சமிருக்கும் ஒரு மனிதன். ஒரு கை நீளத் தூரம்தான். ஆனால் கடக்க முடியாத தூரம். இன்னொன்றும் இருக்கிறது. மலை நிலம் எந்தத் திணை? குறிஞ்சி. கூடலுக்கு உரிய நிலம். அந்தக் குளிர்ந்த மலையில்தான் இருவரும் இணைந்து வாழ்ந்தார்கள். அதே மலையில், பாலை என்னும் காய்ந்த நிலத்துக்கு உரிய பிரிவு வந்து நிற்கிறது. ஒரு நிலத்தில் இன்னொரு நிலத்தின் உணர்ச்சி கலக்கலாம் என்று தொல்காப்பியர் இடம் கொடுத்திருக்கிறார். திணை மயக்கம் என்போம். கூடிய இடத்திலேயே பிரிய வேண்டிவந்தால் பிரிவு இரண்டு மடங்கு வலிக்கும். அந்தக் காட்சியை வறண்ட ஒரு பொட்டலில் எடுத்திருந்தால் நாம் இத்தனை ஆண்டு அழுதிருப்போமா?

1991க்கு வாருங்கள். மணிரத்னத்தின் ‘தளபதி’. போகிப் பண்டிகை நாளில் ஒரு சின்னப் பெண் தன் கைக்குழந்தையைச் சரக்கு ரயிலில் விட்டுவிடுகிறாள். அந்தப் பகுதி மட்டும் கறுப்பு வெள்ளையில் வருகிறது. பிறகு படம் முழுக்க ரயிலின் கூவல் அந்தத் தாயை விடாமல் துரத்துகிறது. இங்கே தண்டவாளத்தைக் கண்ணால் பார்க்க வேண்டியதுகூட இல்லை. ஓசை போதும். ஓர் இடம் ஓசையாகவே மனத்துக்குள் வந்து குடியேறிவிடுகிறது.

2015. மணிகண்டனின் ‘காக்கா முட்டை’. சென்னைக் குடிசைப் பகுதியில் அண்ணன் தம்பி இருவர். சரக்கு வண்டியிலிருந்து தண்டவாளத்தில் சிந்திய நிலக்கரியைப் பொறுக்கி, எடைக்குப் போட்டுக் காசு பார்க்கிறார்கள். வங்காளத்து அப்புவும் சிறுவன்தான், இவர்களும் சிறுவர்கள்தான். அவனுக்கு ரயில் வியப்பு, இவர்களுக்குப் பிழைப்பு. அறுபது ஆண்டில் நம் நாடு எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்பதை இந்த இரண்டு தண்டவாளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படித்துவிடலாம்.

2018. மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’. பரியனின் நாய் கருப்பியைச் சாதி வெறியில் தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் கொல்கிறார்கள். படத்தின் இறுதியில் பரியனையே அடித்துத் தண்டவாளத்தில் கிடத்துகிறார்கள். ரயில் ஏறிச் செத்தான் என்று ஊர் பேசிக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். தண்டவாளத்தோரம் கிடந்த இளைஞர்களின் உடல்களைப் பற்றி நாமும் செய்தித்தாளில் படித்துத்தானே இருக்கிறோம்? அந்தச் செய்தியைப் படித்த எவருக்கும் அந்த இரும்புக் கோடுகள் சாதாரணமாகத் தெரியாது. இங்கே தண்டவாளம் கொலைக்களம். கொலையை மறைக்கும் இடமும் அதுவே.

பார்த்தீர்களா? இரும்பு அதே இரும்பு. ஜல்லி அதே ஜல்லி. ஒன்றில் வியப்பு, ஒன்றில் காத்திருப்பு, ஒன்றில் பிரிவு, ஒன்றில் இழப்பு, ஒன்றில் பிழைப்பு, ஒன்றில் கொலை. யார் நிற்கிறார்கள், எந்தப் பொழுதில் நிற்கிறார்கள், பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை வைத்து இடம் பொருள் கொள்கிறது. பாத்திரத்தால் வாய்விட்டுச் சொல்ல முடியாததை இடம் சொல்லிவிடுகிறது. இன்று நான் உங்களிடம் சொல்ல வந்த ஒரே செய்தி இதுதான்.

சரி, அந்த இடத்தை எங்கே போய்க் கண்டுபிடிக்கிறார்கள்? இங்கேதான் கர்நாடக மண்ணில் வாழும் நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று இருக்கிறது. ஸ்டூடியோச் சுவர்களுக்குள்ளிருந்து தமிழ் சினிமாவைக் கிராமத்துக்கு இழுத்துவந்த படம் என்று ‘16 வயதினிலே’யைக் கொண்டாடுகிறோம். தமிழ்க் கிராமத்தின் புழுதி, தமிழ்க் கிராமத்தின் வெயில் என்று எழுதாதவர் இல்லை. அந்தப் புழுதி எந்த ஊர்ப் புழுதி? கொள்ளேகால்! ஒளிப்பதிவாளர் நிவாஸின் கேமரா பெரும்பாலும் சுற்றியது கொள்ளேகால், மைசூர்ப் பக்கத்தில். ‘முதல் மரியாதை’யின் ஊரும் ஆறும் தலக்காட்டுப் பக்கம். மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ படத்துக்குச் சிருங்கேரி. ‘தளபதி’க்கு மேல்கோட்டை. நம் மனத்தில் இருக்கும் தமிழ்க் கிராமத்தின் பாதி, காவிரி ஓடிவரும் இந்தக் கர்நாடக மண்ணில்தான் இருக்கிறது.

இதனால் அந்தப் படங்கள் பொய்யாகிவிட்டனவா? ஒருபோதும் இல்லை. கொள்ளேகால் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். மாநிலங்களைப் பிரித்தபோது எல்லைக்கோடு நகர்ந்தது. மண்ணின் நிறம் நகரவில்லை. புளியமரம் இடம் மாறவில்லை. கலைஞன் தேடுவது வெயில் விழும் விதத்தை, சந்து வளையும் விதத்தை, ஒரு பெண் தண்ணீர்க் குடத்தோடு நடந்துவர எத்தனை தூரம் வேண்டும் என்பதை. அது கிடைத்த இடத்தில் கதை வேர்விடும்.

இதே பெங்களூரிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டரில் ராமநகரம். 1975இல் வந்த ‘ஷோலே’க்காக அந்தப் பாறைகளின் அடிவாரத்தில் ஒரு முழு ஊரையே கட்டினார்கள். கதைப்படி அது வட இந்தியக் கிராமம். ஆனால் அந்தப் பெரும் பாறைகள் இல்லாமல் கொள்ளைக்காரன் கப்பர் சிங் தரும் அச்சத்தை நினைத்துப் பார்க்க முடியுமா? பாறைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியாத நிலம் அது. சட்டம் எட்டாத நிலம். அந்த நிலமே பாதி வில்லன்.

அதே வட்டாரத்தில் சாவன்துர்கா. ‘எ பேசேஜ் டு இந்தியா’ நாவலில் ஃபார்ஸ்டர் எழுதிய மராபார் குகைகளுக்கு மூலம் பீகாரின் பராபர் மலை. டேவிட் லீன் 1984இல் அதைப் படமாக எடுத்தபோது சாவன்துர்காவின் மொட்டைப் பாறைக்கு வந்தார். புல்லும் முளைக்காத அந்த வழவழப்பான கல், ஒன்றுக்கும் பதில் சொல்லாத இயற்கையின் முகமாக அந்தப் படத்தில் நிற்கிறது.

டேவிட் லீன் என்றதும் இன்னொரு செய்தி. அவர் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தை இலங்கையில் எடுத்துக்கொண்டிருந்தபோது, மட்டக்களப்பிலிருந்து சுற்றுலா வந்த ஒரு மாணவன் அதை நின்று பார்த்தான். இயக்குநர் மழை வேண்டும் என்று குரல் கொடுத்தார். மழை பெய்தது. அந்த நிமிடமே தானும் இயக்குநராக வேண்டும் என்று முடிவு செய்தான் அந்த மாணவன். அவர்தான் நம் பாலுமகேந்திரா. பொழுதையும் மழையையும் மனிதன் ஆக்க முடியும் என்று கண்ட அந்தக் கண், பிற்காலத்தில் செயற்கை விளக்கைக் குறைத்து இயற்கை வெளிச்சத்துக்காகக் காத்திருக்கும் கண்ணாக மாறியது. அவர் இயக்கிய முதல் படமும் தமிழ்ப் படமன்று. 1977இல் வந்த ‘கோகிலா’, கன்னடப் படம். மணிரத்னத்தின் முதல் படமான ‘பல்லவி அனுபல்லவி’யும் கன்னடம்தான். அதற்கும் பாலுமகேந்திராவே ஒளிப்பதிவாளர். தமிழ் சினிமாவின் இரண்டு பெரிய கண்கள் இந்த மாநிலத்தில்தான் இயக்குநர்களாகத் திறந்தன என்று நாம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம்.

இடத்தைத் தேடிப் போவது ஒரு வழி. இடத்தைக் கட்டி எழுப்புவது இன்னொரு வழி. 1987இல் ‘நாயகன்’. பம்பாய் தாராவியைச் சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் கட்டினார் கலை இயக்குநர் தோட்டா தரணி. நடிப்புக்காகக் கமல்ஹாசனுக்கும் ஒளிப்பதிவுக்காகப் பி.சி. ஸ்ரீராமுக்கும் கிடைத்ததுபோல் அவருக்கும் அந்தப் படம் தேசிய விருது வாங்கித் தந்தது. அந்த அரங்கத்தில் என்ன சிறப்பு? நெருக்கம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். கூரைக்கு மேல் கூரை. மேலிருந்து கீற்றாக இறங்கும் வெளிச்சம். ஊரைவிட்டு ஓடிவந்து அங்கே அண்டிய தமிழர்களுக்கு ஏன் ஒரு வேலு நாயக்கர் தேவைப்பட்டார் என்பதை ஒரு வசனமும் சொல்லாமல் அந்தச் சந்துகளே சொல்லிவிடும்.

அடுத்த ஆண்டு, 1988. மறுபடியும் பாலுமகேந்திரா. ‘வீடு’. அதில் கதாநாயகி அர்ச்சனாவா, பாதி எழும்பிய அந்தக் கட்டடமா? சுதா என்ற நடுத்தர வர்க்கத்துப் பெண் கடன் வாங்கி, நகையை விற்று, ஒரு வீடு கட்டப் பார்க்கிறாள். படத்துக்காகச் சாலிகிராமத்தில் உண்மையாகவே ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டே படம் எடுத்தார்கள். அஸ்திவாரம் போடும்போது நமக்கும் நம்பிக்கை. சுவர் எழும்போது நமக்கும் மகிழ்ச்சி. சிமெண்ட் களவு போகும்போது நம் வயிறும் எரிகிறது.

அதில் சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, வீட்டைப் பார்க்கத் தனியாக வருவார். பூச்சு இல்லாத செங்கல் சுவர். கதவு இல்லாத நிலை. கையில் குடையோடு ஒவ்வோர் அறையாக மெல்ல நடக்கிறார். அவர் எதுவும் பேசவில்லை. பின்னணியில் இளையராஜாவின் இசை மட்டும். மற்றவர்கள் கண்ணுக்கு அது முடியாத கட்டடம். அவருக்கோ அது பேத்திகள் வாழப்போகும் வீடு. பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் அவர் இறந்துபோகிறார். வீடு கடைசிவரை முடிவதில்லை. அரசு கையகப்படுத்திய நிலம் என்று ஓர் அதிகாரி வந்து நிற்கிறார். நடுத்தரக் குடும்பத்தின் வாழ்க்கையைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதினாலும் வராத துயரத்தை, பூசாத ஒரு சுவர் காட்டிவிட்டது. இந்த அரங்கில் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் எத்தனை பேருக்கு அந்தச் சுவர் புரியும்!

நிலத்தைச் சொன்னேன். பொழுதைச் சொல்ல வேண்டாமா? ‘ஷோலே’யில் விதவை ராதா மாடத்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போவாள். கீழே படியில் உட்கார்ந்து ஜெய் மவுத் ஆர்கன் வாசிப்பான். இருவரும் ஒரு சொல் பேசுவதில்லை. பகலும் போகாத இரவும் வராத அந்தச் சில நிமிட வெளிச்சத்தில்தான் அதை எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். ஒரு நாளைக்குக் கிடைப்பது சில நிமிடம். எனவே பல நாள் பிடித்தது. ஏன் அந்தப் பிடிவாதம்? அவர்களுடைய காதலும் பகலுக்கும் இரவுக்கும் நடுவில் இருப்பதுதான். விளக்கு அணைய அணைய, அது நிறைவேறாது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. ‘தளபதி’யில் ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவன் கதிரவனையே ஒரு பாத்திரமாக்கினார். நாயகன் பெயர் சூர்யா. சூரியனின் மகனான மகாபாரதக் கர்ணனின் கதை. தாயும் தந்தையும் தெரியாத அவன் பின்னால் சூரியன் மட்டும் உதித்துக்கொண்டும் மறைந்துகொண்டும் கூடவே வருகிறது. பொழுது இங்கே தந்தையாகிவிடுகிறது.

இடத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. யார் எங்கே நிற்கலாம், யார் எங்கே நிற்கக் கூடாது என்று காட்டுவது. 2021இல் வந்த ‘கர்ணன்’ படத்தின் பொடியன்குளத்துக்குப் பேருந்து நிறுத்தம் கிடையாது. ஒரு சிறுமி நடுச்சாலையில் வலிப்பு வந்து துடிக்கிறாள். வண்டிகள் நிற்காமல் போகின்றன. ஒரு நிறுத்தம் இல்லை என்பதே முழுக்கதை. இல்லாத இடம்கூடத் திரையில் பேசும் என்பதற்கு அது சான்று. ‘பரியேறும் பெருமாள்’ எப்படி முடிகிறது? மேசை மேல் இரண்டு தேநீர்க் குவளைகள், நடுவே ஒரு பூ. சாதிக்கொரு குவளை என்ற இரட்டைக் குவளை வழக்கத்தைக் கண்ட நாட்டில், அந்த இரண்டு குவளைகளும் ஒரே மேசையில் இருப்பது எவ்வளவு பெரிய செய்தி! அந்த இடைவெளி இன்னும் இருப்பது எவ்வளவு பெரிய கேள்வி!

‘காக்கா முட்டை’யைத் தொல்காப்பியர் பார்த்திருந்தால் புன்னகை செய்திருப்பார். கருப்பொருள்களாக அவர் சொன்னவற்றில் மரம், பறவை, உணவு என்ற மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் விளையாடிய இடத்தில் ஒரு மரம். மரத்தில் காக்கைக் கூடு. கூட்டிலிருந்து அவர்கள் குடிக்கும் முட்டை. மரத்தை வெட்டினார்கள். காக்கை போனது. முட்டை போனது. அதே இடத்தில் பீட்சாக் கடை வந்தது. நகரமயமாதலைப் பற்றி அந்தப் படத்தில் எவரும் சொற்பொழிவு ஆற்றவில்லை. மூன்று கருப்பொருள்கள் மாறின. நிலம் கைமாறிவிட்டது என்று நமக்குப் புரிந்துவிட்டது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். மதுரையில் நடக்கும் கதை. காதலர் கண்ணும் கண்ணும் கலந்த மறு நொடி, சுவிட்சர்லாந்துப் பனிமலை! எத்தனை படங்களில் பார்த்துவிட்டோம்? அந்த மலை அழகில்லையா? பேரழகு. அந்த ஒளிப்பதிவு தரமில்லையா? உயர்ந்த தரம். பிறகு ஏன் மனத்தில் ஒட்டவில்லை? முதற்பொருள் இருக்கிறது, உரிப்பொருள் இல்லை. அந்த மலைக்கு இவர்களைத் தெரியாது. இவர்களுக்கு அந்த மலையைத் தெரியாது. அத்தனை செலவு செய்து எடுத்த பனிமலையைவிட, ‘முள்ளும் மலரும்’ படத்தில் மேலும் கீழும் ஏறி இறங்கும் அந்த விஞ்ச் நம்மோடு அதிகம் பேசுகிறது. அதை இயக்குபவன் காளி. அதிகாரியும் தொழிலாளியும் யார் மேலே, யார் கீழே என்று மோதும் கதைக்கு, மேலும் கீழும் போகும் ஒரு வண்டியைவிடப் பொருத்தமான இடம் வேறு எது?

நண்பர்களே, இப்போது நம் அடுகோடிக்கு வருவோம்.

பெங்களூர் என்றால் திரையில் என்ன காட்டுகிறார்கள்? கண்ணாடிக் கட்டடம். மேம்பாலம். காபிக் கடை. 2014இல் மலையாளத்தில் ‘பெங்களூர் டேஸ்’ வந்து, 2016இல் தமிழிலும் ‘பெங்களூர் நாட்கள்’ ஆனது. இளைஞர்கள் சிறகு விரிக்கும் நகரம் என்ற கனவு அது. அந்தக் கனவும் உண்மைதான். ஆனால் அது முழு உண்மையா? இந்த ஓசூர் சாலை வழியாக எத்தனை குடும்பங்கள் தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்து இறங்கின! 1951இல் பிறந்த மைக்கோ நிறுவனம் அடுகோடியில் ஆலை எழுப்பியபோது, அந்த ஷிப்ட் நேரத்தை வைத்தே சமையலும் தூக்கமும் பள்ளிக்கூடமும் நடந்த வீடுகள் எத்தனை! அந்த மைக்கோ பாஷ் ஆனது. உற்பத்தி பிடதிக்குப் போனது. ஆலை இருந்த அதே வளாகம் 2022இல் புதிய தொழில்நுட்ப வளாகமாகத் திறக்கப்பட்டது. ஒரே நிலம். அன்று இயந்திர எண்ணெய் வாசம், இன்று அடையாள அட்டை. அதன் மதில் ஓரத்தில் மட்டும் பூக்காரம்மா இன்னும் தமிழில் முழம் சொல்லிக் கன்னடத்தில் சில்லறை கொடுக்கிறார்.

இதை யார் படம் எடுத்தார்கள்? தாராவித் தமிழனுக்கு ஒரு ‘நாயகன்’ கிடைத்தது. ‘காக்கா முட்டை’யின் சைதாப்பேட்டைப் பிள்ளைகளும் ‘கர்ணன்’ காட்டிய பொடியன்குளத்து மக்களும் திரைக்கு வந்துவிட்டார்கள். இரண்டு மொழியில் கனவு காணும் அடுகோடிப் பிள்ளையின் கதை எங்கே? கொள்ளேகாலுக்குத் தமிழ்க் கிராமமாக நடிக்கத் தெரிந்ததென்றால், அடுகோடிக்கு அடுகோடியாகவே நடிக்கத் தெரியாதா?

இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களே, உங்கள் ஒவ்வொருவர் பையிலும் ஒரு கேமரா இருக்கிறது. உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் தெருவில் ஒரே ஒரு முனையைத் தேர்ந்தெடுங்கள். விடியலில் ஒருமுறை, உச்சிவெயிலில் ஒருமுறை, விளக்கு ஏற்றும் வேளையில் ஒருமுறை, கடை அடைத்த பிறகு ஒருமுறை, நான்கு பொழுதும் அதே முனையில் நின்று பாருங்கள். யார் அங்கே உரிமையோடு நிற்கிறார்கள், யார் ஒதுங்கி நடக்கிறார்கள் என்று கவனியுங்கள். எந்த மரம் போனது, எந்தக் கடை வந்தது என்று பாட்டியிடம் கேளுங்கள். அங்கே வந்து நிற்கும் ஒரு மனிதருடைய உணர்ச்சி உங்களுக்குப் பிடிபடும்வரை படம்பிடிக்கும் பொத்தானை அழுத்தாதீர்கள். அது பிடிபட்டுவிட்டால் பிறகு நிறுத்தாதீர்கள். கருவி போதவில்லை, பணம் போதவில்லை என்று சொல்லாதீர்கள். ஒரு பூவுக்காக ஓராண்டு காத்திருந்த ராயிடம் பணமா இருந்தது?

நிலமும் பொழுதும் நமக்கு முன்னோர் கொடுத்த முதற்பொருள். அந்த முதலை வைத்துக்கொண்டு வாழ்க்கையை எழுப்ப வேண்டியது நீங்கள். இந்த ஊரின் உரிப்பொருள் எது என்று வெளியூர்க்காரர் வந்து சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். ஏக்கமா, உழைப்பா, இரண்டு மொழிக்கு நடுவில் பிறக்கும் தோழமையா, அதை நீங்களே திரையில் சொல்லுங்கள். அடுகோடியில் எடுத்த அடுகோடிப் படத்தை இதே அரங்கில், இதே மக்களுக்கு முன்னால் திரையிடுங்கள். அதைப் பார்க்க நானும் வருகிறேன்.